முனை டைப்-சி, சரி… உள்ளே என்ன கேபிள்?

ஆயிரக்கணக்கில் கொடுத்து எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி (வெளியே சொருகும் வேகமான சேமிப்பு டிரைவ்) வாங்குகிறார்கள். போன் சார்ஜர் கேபிளை எடுத்து அதில் சொருகிவிட்டு, 'ஸ்பீடே இல்லை' என்று டிரைவைத் திட்டுகிறார்கள். பாவம், டிரைவ் என்ன செய்யும்?

சார்ஜரோடு வரும் டைப்-சி கேபிள் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0தான். 480 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 480 மெகாபிட்; 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட்) என்பது கணக்கு. கையில் கிடைப்பது விநாடிக்கு 35, 40 எம்பி (மெகாபைட்). 100 ஜிபி கல்யாண வீடியோ ஏற முக்கால் மணி நேரம் ஆகும். போர்ட்டும் டிரைவும் 10 ஜிபிபிஎஸ் (விநாடிக்கு 10 ஜிகாபிட்) தாங்குமானால், அதற்கேற்ற கேபிளில் இரண்டு நிமிட வேலை. ஐபோன் 15 ப்ரோவே 10 ஜிபிபிஎஸ் போன், ஆனால் பெட்டியில் வைத்துக் கொடுத்த கேபிள் 2.0. விலைக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை.

வாட்டுக்கும் வேகத்துக்கும்கூடச் சம்பந்தமில்லை. '240 வாட்' என்று போட்ட தடித்த கேபிள் டேட்டாவில் 480 எம்பிபிஎஸ்ஸாக இருக்கலாம். இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள சாதாரண கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேல் 5 ஆம்பியர் போக வேண்டுமென்றால் கேபிளின் திறனைச் சார்ஜருக்குச் சொல்லும் இ-மார்க்கர் சிப் முனைக்குள் இருந்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் 100 வாட் சார்ஜர் 60 வாட்டோடு நின்றுவிடும். இது பழுதல்ல, பாதுகாப்பு.

பழைய 5 வோல்ட் சார்ஜரில் வேறு தொல்லை. உள்ளே 28 கேஜ் கம்பி (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும்), நீளம் 1 மீட்டர் என்று வையுங்கள். போக வர 2 மீட்டர், கிட்டத்தட்ட 0.43 ஓம். 2 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 0.85 வோல்ட் காலி. போனுக்குப் போய்ச் சேர்வது 4.15தான். 24 கேஜில் இழப்பு 0.35க்குள் அடங்கும். படுக்கை வரை எட்டும் என்று 3 மீட்டர் மெல்லிய கேபிள் வாங்குவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

கடையில் 'ஃபாஸ்ட்', 'டர்போ' என்று எழுதியிருந்தால் கீழே வையுங்கள். இத்தனை ஜிபிபிஎஸ், இத்தனை வாட் என்று இரண்டு எண்ணும் இருக்க வேண்டும். 10 ஜிபிபிஎஸ்ஸுக்கு 1 மீட்டருக்கு மேல் போகாதீர்கள்.

வீட்டில் கிடப்பதைச் சோதிக்க, 5 ஜிபிக்கு மேலுள்ள ஒரே ஃபைலை எஸ்எஸ்டிக்கு நகலெடுங்கள். சின்னச் சின்ன போட்டோக்கள் வேண்டாம், அவை எதிலும் மெதுவாகத்தான் போகும். 40 எம்பியைத் தாண்டவே இல்லையா? முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், பிறகு போர்ட்டை.

மலிவான டார்ச், டிரிம்மர் சில, சி-டு-சி கேபிளில் சார்ஜே ஏறாது. அங்கே மட்டும் கேபிளைக் குறை சொல்லாதீர்கள், மின்சாரம் வேண்டும் என்று சார்ஜருக்குத் தெரிவிக்கும் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கருவிக்குள் போடாமல் மிச்சம் பிடித்திருப்பார்கள். ஒரு முனை பழைய பட்டை யூஎஸ்பியாக உள்ள ஏ-டு-சி கேபிளில் போடுங்கள், ஏறும்.