பிரவுன்றிக் படம் 1815-இல் எடுத்த போட்டோ அல்ல

கண்டியில் விற்பனைக்கு வந்த, இலங்கையின் பிரித்தானிய ஆளுநராக இருந்த ஜெனரல் ரொபர்ட் பிரவுன்றிக் படத்தை "1815-இல் கண்டி ஒப்பந்தம் முடிந்த கையோடு எடுத்த அசல் போட்டோ" என்று எழுதியிருக்கிறார்கள். (கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன ஒப்பந்தம் அது.) அப்போது போட்டோ எடுப்பது முடியாத காரியம். போட்டோ எடுக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-இல். பிரவுன்றிக் 1833-இலேயே இறந்துவிட்டார். அது ஓவியத்தைப் பார்த்து அச்சிட்ட படமாகத்தான் இருக்கும். இதை நம்பி யாரும் காசு கொடுத்துவிடாதீர்கள்.

வாங்குமுன் 10 மடங்கு பெருக்கும் லென்ஸை முகத்தின் நிழல் பகுதியில் வைத்துப் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சகப் படம், 1880-களுக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. செம்புத் தகட்டு அச்சென்றால் புள்ளி வரிசை இராது. படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். ஓரத்தை வெட்டியிருந்தால் அந்தப் பள்ளமும் போயிருக்கும், அதனால் அது இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. கென்வஸ் (ஓவியம் தீட்டும் துணி) போன்ற சொரசொரப்பும் அசல் ஓவியம் என்பதற்குச் சாட்சியில்லை, அதை அச்சிலேயே அழுத்தி வைப்பார்கள்.

படத்தைப் பிரேம் போடும்போது "பின்பக்கத்தைப் பொலித்தீனால் இறுக்கி ஒட்டுங்கள்" என்று சொல்லப்படும் யோசனையும் குளிரும் ஈரமுமான நுவரெலியா மலைப் பக்கத்துக்கு ஆகாது. உள்ளே அகப்பட்ட ஈரம் இரவுக் குளிரில் கண்ணாடியில் வேர்த்து, தாளில் பழுப்புப் புள்ளி விழும். தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அமிலமில்லாத மவுண்ட் அட்டை (படம் தெரியும்படி நடுவில் வெட்டிய அட்டை) வையுங்கள். பிரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றுப் போகும். புகைபோக்கிச் சுவரில் மட்டும் மாட்டவே வேண்டாம். கண்ணாடியோடு ஒட்டிப்போன தாளை நீங்களே உரிக்காதீர்கள், மையும் சேர்ந்து வந்துவிடும்.