வீட்டுச் சண்டை ஊருக்கு எதுக்கு?

மறுபடியும் ஒரு பிரபலத் தம்பதி பிரியுறாங்க. 'எங்கள் தனிமையை மதியுங்கள்'னு நாலு வரி அறிக்கை. சரி, மதிக்கிறோம். மறுநாளே அவர் ஒரு பேட்டி, இவங்க ஒரு பதிவு, அடுத்து வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்! ராத்திரி ரெண்டு மணிக்கு யார் யாரை என்ன சொல்லித் திட்டினாங்கன்னு எங்களுக்கு எதுக்குங்க? அடி உதைன்னா வெளியே சொல்லுங்க, கத்திச் சொல்லுங்க. அது வேற. பிறந்தநாளை மறந்ததுக்கெல்லாமா பேட்டி?

2022-ல, பிரிஞ்சுபோன ஹாலிவுட் ஜோடி ஜானி டெப், ஆம்பர் ஹெர்ட் அவதூறு வழக்கை உலகமே நேரலையில வேடிக்கை பார்த்துச்சு. 1995-ல பிரிட்டன் இளவரசி டயானா தன் கல்யாண வாழ்க்கையைப் பத்தி டிவியில மனசைக் கொட்டினப்போ மூத்த பையன் வில்லியமுக்கு 13 வயசுதான். மறுநாள் வகுப்புல ஒரு பிள்ளை எப்படித் தலை நிமிர்ந்து உக்காரும்? கேட்டா, 'மக்களுக்கு உண்மை தெரியணும்'ங்கிறாங்க. எந்த மக்கள் கேட்டாங்க?