கியர்பாக்ஸ் போச்சாம், போனது ஒரு ரப்பரு

சிங்கப்பூர்ல பத்து வருஷம் தாண்டி சிஓஇ (கார் வச்சுக்கறதுக்கு காசு கட்டி வாங்கற பத்து வருஷ பர்மிட்டு) ரினியூ பண்ணி வண்டி ஓட்டறவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் கூட சேந்து திட்டுங்க, தனியா திட்டி எனக்கு வாய் வலிக்குது. வண்டில ஒரு சத்தம் வந்தா போதும், இந்த ஊர்ல ஒருத்தரும் அது எங்கேர்ந்து வருதுன்னு குனிஞ்சு பாக்கறதில்ல. ரெஜிஸ்டர் பண்ண வருஷத்த கேப்பாங்க, 2010னு சொன்னா உதட்ட பிதுக்குவாங்க, அவ்வளவுதான், வைத்தியம் முடிஞ்சுது, நோயாளிக்கு மாலை வாங்கிட்டு வாங்கங்கற மாதிரி ஒரு பார்வை.

என் வண்டிக்கு என்ன வந்துச்சுன்னா, ஆட்டோ கியர் வண்டி, கியர பார்க்லேர்ந்து டி-க்கு (முன்னாடி போறதுக்கு) போட்டா "டொக்". ஆர்-க்கு (ரிவர்ஸுக்கு) போட்டா இன்னும் பெருசா "டொக்". மல்டி ஸ்டோரி கார்பார்க்ல ஏத்தத்துல ஆக்ஸிலேட்டர மிதிச்சா முன்னாடி ஏதோ தூக்கி போடற மாதிரி ஒரு இடி. சிக்னல்ல பிரேக்க மிதிச்சிட்டு டி-லயே நின்னா ஸ்டியரிங்கு நடுங்கும், ஏர்கான் கம்ப்ரெஸர் ஆன் ஆகற நேரம் பாத்து பின்னாடி பாக்கற கண்ணாடில இருக்கற பஸ் ரெண்டா தெரியும், டேஷ்போர்டு மேல எங்க வீட்டம்மா ஒட்டி வச்சிருக்கற பிள்ளையாரு இல்ல இல்லன்னு தலையாட்டுவாரு. என்-க்கு (நியூட்ரலுக்கு) தள்ளினா எல்லாம் அடங்கிடும். கொஞ்சமாச்சும் வண்டி தெரிஞ்சவங்களுக்கு இதுக்கு மேல எதுவும் சொல்ல வேணாம், இன்ஜின் மவுண்டு இல்லன்னா கியர்பாக்ஸ் மவுண்டு, இந்த ரெண்டுல ஒண்ணுதான்.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேந்து பெரிய கனம், அத நேரா பாடில போல்ட் போட்டு முறுக்கினா வண்டி முழுக்க அதிரும். அதனால மூணு நாலு எடத்துல இரும்புக்கு நடுவுல ரப்பர் வச்சு தொங்க விட்டிருப்பாங்க. அதுல கியர்பாக்ஸ் பக்கம் இருக்கறதுதான் டிரான்ஸ்மிஷன் மவுண்டு. வருஷக்கணக்கா சூடு பட்டு, மேல எங்கேயாவது ஆயில் ஒழுகி அது மேல சொட்டி, ஆட்டோ கியர் வண்டில சிக்னலுக்கு சிக்னல் டி-ல நின்னு நின்னு இழுபட்டு, ரப்பர் விரிஞ்சு போகும். போச்சுன்னா மாத்தணும். செருப்பு வார் அறுந்தா காலையா வெட்டறோம்?

வெட்டணும்னுதான் சொன்னாங்க. மொதல்ல போன வொர்க்ஷாப்பு சின் மிங்ல. முதலாளி வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தாரு, ரவுண்டுன்னா அடுத்த சந்து வரைக்கும், இறங்கும்போதே "கியர்பாக்ஸ் லா பாஸ், ஓவர்ஹால் பண்ணணும், 3,500 வெள்ளி"ன்னாரு (வெள்ளின்னா சிங்கப்பூர் டாலர்). பானட்ட (இன்ஜின் மேல இருக்கற மூடிய) தொறக்கவே இல்ல! இன்ஜின் சூடா இருக்கான்னுகூட தொட்டு பாக்கல. காக்கி புக்கிட்ல இன்னொருத்தர் கொஞ்சம் நியாயமானவரு, பானட்ட தொறந்தாரு, "மவுண்டுதான், ஆனா எல்லாத்தையும் செட்டா மாத்துவோம், 680"ன்னாரு. எந்த மவுண்டு போயிருக்கு காட்டுங்கன்னேன். "பழைய வண்டி தம்பி, எல்லாம் போயிருக்கும்". போயிருக்கும்! ஆரூடம் சொல்றாரு! செட்டா மாத்தறதுல ஒரு நியாயம் இருக்கு, இல்லேங்கல, ஒண்ணு விழுந்தா மத்ததுக்கு பாரம் கூடும், அதுங்களும் சீக்கிரம் கிழியும். ஆனா பாத்துட்டு சொல்லுங்கய்யா, பாக்காம எப்படி சொல்றீங்க? சரி, பார்ட்ஸ் நானே வாங்கிட்டு வரேன், கூலி மட்டும் வாங்கிக்கங்கன்னு இன்னொரு எடத்துல கேட்டா, கஸ்டமர் கொண்டு வர்ற பார்ட்ஸ நாங்க போடறதில்லன்னு ஒரு போர்டயே காட்டினாரு.

இதுல எனக்கு வயிறு எரியறது எங்கன்னா, இத கண்டுபிடிக்க அஞ்சு நிமிஷம் போதும். பானட்ட தொறந்து வச்சுக்கணும், ஹேண்ட்பிரேக்க போட்டு, ஒருத்தர் உள்ள உக்காந்து பிரேக்க நல்லா மிதிச்சுக்கணும், இன்னொருத்தர் வண்டிக்கு நேரா முன்னாடி நிக்காம சைடுல நின்னு பாக்கணும். உள்ள இருக்கறவர் டி, ஆர், டி, ஆர்னு மாத்தி மாத்தி போட்டா மவுண்டு நல்லா இருக்கற இன்ஜின் லேசா அசையும், மவுண்டு போன இன்ஜின் எழுந்து உக்காரும். எந்தப் பக்கம் எழுந்திரிக்குதோ அந்தப் பக்க ரப்பர டார்ச்சடிச்சு பாத்தா விரிசல் தெரியும். இதுக்கு ஸ்கேனர் வேணாம், லிஃப்ட் வேணாம், கண்ணு இருந்தா போதும். எங்க வீட்டம்மாவ உள்ள உக்கார வச்சு நானே பாத்துட்டேன், கியர்பாக்ஸ் பக்கம்தான் எகிறுது, மத்த மவுண்டெல்லாம் சும்மா ஜம்முனு இருக்கு.

ஏன் இந்த ஊர்ல இப்படி ஆச்சுன்னா, இங்க காருக்கு விலை இரும்புல இல்ல, காகிதத்துல இருக்கு. 1990ல சிஓஇ வந்ததுலேர்ந்தே இதான் கதை. 2008 நவம்பர்ல கேட்டகிரி ஏ, அதாவது சின்ன காருக்கான சிஓஇ, வெறும் 2 வெள்ளிக்கு விழுந்துச்சு, ரெண்டே ரெண்டு வெள்ளி, அதே காகிதம் 2023 அக்டோபர்ல 106,000. பத்து வருஷம் முடிஞ்சா ஸ்கிராப்பு, இல்ல மூணு மாச சராசரி விலைய கட்டி ரினியூ. ரினியூ பண்ணா பார்ஃப் காசு (ஸ்கிராப் பண்ணா திரும்பி வர்ற தொகை) போச்சு. வருஷா வருஷம் இன்ஸ்பெக்ஷன். ரோடு டாக்ஸ் பத்து வருஷம் தாண்டினதுலேர்ந்து ஏறிக்கிட்டே போயி, 14 வருஷம் தாண்டினா 50 சதவீதம் கூடுதல். இவ்வளவையும் மூச்சு விடாம கட்டிட்டுத்தான் ஓட்டறோம். ஆனா வொர்க்ஷாப்காரர் கண்ணுல நாங்க ஏதோ சாகப்போற மாட்ட ஓட்டிட்டு வந்தவங்க. 2030 வரைக்கும் எனக்கு சிஓஇ இருக்குங்க, காசு கட்டியிருக்கேன், அதுவரைக்கும் டொக் டொக்குனு ஓட்டவா?

சரி நானே மாத்தறேன்னு முடிவு பண்ணேன். பார்ட்ஸ் கடைக்கு போனா அது தனி கூத்து. கவுன்டர்ல மூணு டப்பாவ எடுத்து வச்சாரு, ஒண்ணு 45, ஒண்ணு 70, ஒரிஜினல் 160 வெள்ளி. என்ன வித்தியாசம்னு கேட்டா "சேம் சேம் லா". சேம்னா எதுக்கு மூணு விலை? வெளியில பாத்தா மூணும் ஒண்ணாத்தான் இருக்கும், விஷயமே ரப்பர் எவ்வளவு கெட்டிங்கறதுலதான் இருக்கு. ரப்பரோட கெட்டித்தன்மைய ஷோர் ஏ-ன்னு ஒரு அளவுல அளப்பாங்க, அந்த நம்பர் நான் பாத்த ஒரு டப்பாலயும் போடல. கெட்டி ரப்பர போட்டா டொக் சத்தம் நிக்கும், ஆனா சிக்னல்ல நிக்கும்போது சீட்டு வழியா முதுகுத்தண்டுல ஒரு ரீங்காரம் ஏறும், கூட வேல பாக்கறவரு ஒருத்தரு அத போட்டுட்டு இப்ப சிவப்பு விளக்கு விழுந்தா பயப்படறாரு. நான் சேசிஸ் நம்பர நீட்டி ஒரிஜினல்தான்னு வாங்கினேன். பழசு வேணுமா, ஹாஃப் கட் வண்டிலேர்ந்து (பார்ட்ஸுக்காக பாதியா வெட்டின பழைய வண்டி) எடுத்தது 30 வெள்ளின்னு வேற கேட்டாரு. இரும்பு பார்ட்ஸ ஹாஃப் கட்ல வாங்கலாம், ரப்பர யாராவது பழசு வாங்குவாங்களா? அது எந்த வெயில்ல எத்தன வருஷம் கெடந்துச்சோ.

சும்மா ஒரு பொருமல், இத சொல்லலன்னா எனக்கு சோறு எறங்காது. 1877ல ரப்பர் கன்னு 22 லண்டன் கியூ தோட்டத்துலேர்ந்து இந்த ஊரு பொட்டானிக் கார்டனுக்குத்தான் வந்து எறங்கிச்சு. அந்த தோட்டத்துல டைரக்டரா இருந்த ரிட்லிதான் மரத்த சாகடிக்காம பால் வெட்டற முறைய சொல்லிக்குடுத்தாரு. அங்கேர்ந்து மலாயா முழுக்க பால்மரம் பரவி, அதுல பால் வெட்ட நம்ம சனத்த கப்பல்ல கூட்டியாந்தாங்க, எங்க தாத்தா ஜோகூர் எஸ்டேட்ல விடியங்காட்டி வாளியத் தூக்கிட்டு போனவரு. அவரு பேரன் நான், அந்த கன்னு வந்து எறங்கின இதே ஊர்ல, ஒரு உள்ளங்கை ரப்பருக்கு கவுன்டர்ல நின்னு பேரம் பேசறேன்!

பார்ட்ஸ் வந்துடுச்சு, எங்க வச்சு மாத்தறது? எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி வீடு) கார்பார்க்ல ரிப்பேர் வேல பண்ணக்கூடாது. கூரை உள்ள எடத்துக்கு மாசம் 110 வெள்ளி சீசன் பார்க்கிங் கட்டறேன், அந்தக் கூரைக்கு கீழ என் வண்டில என் ஸ்பானர வைக்க எனக்கு உரிமை இல்ல. ரூல்ல நியாயம் இருக்கலாம், ஆயிலக் கொட்டிட்டு ஓடிப்போறவனும் இருக்கான், அவனுங்களாலதான் எல்லாருக்கும் சேத்து ஆப்பு. ஆனா காசு குடுத்து ஒரு மணி நேரம் வண்டிய நிறுத்தி நாமளே வேல பாத்துக்கற மாதிரி ஒரு எடத்த பக்கத்துல தேடினேன், ஒண்ணும் ஆப்புடல. இருக்கறவன் டெரஸ் வீட்டுல போர்ச்சு வச்சிருப்பான், அவனுக்கு எதுக்கு பழைய காரு?

நல்லவேளை எங்க அக்கா வீடு சிலேத்தார் பக்கம் டெரஸ் வீடு. அத்தான் "கொண்டாடா மாப்ள, நானும் வேடிக்கை பாக்கறேன்"னுட்டாரு. அக்கா மட்டும் டைல்ஸ்ல ஒரு சொட்டு ஆயில் விழுந்தா வீட்டுப்பக்கம் வராதன்னு சொல்லி அட்டைப்பெட்டிய பிரிச்சு விரிச்சு குடுத்தா. பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேலியோரம் வந்து வந்து எட்டிப்பாத்தாங்க, வெடிகுண்டு செய்யறோம்னு நெனச்சாங்களோ என்னமோ.

வேலைய பத்தி சொன்னா, பெரிய வித்தையில்ல. ஆனா இந்த வண்டிய வரைஞ்சவங்க கைல கிடைச்சா ரெண்டு கேள்வி கேக்கணும். கியர்பாக்ஸ் மவுண்டு பேட்டரிக்கு நேர் கீழ. அதனால பேட்டரிய கழட்டணும், மைனஸ்ஸ மொதல்ல, அப்பறம் பிளஸ். பேட்டரி தட்ட கழட்டணும். ஏர் பில்டர் பெட்டிய கழட்டணும். இவ்வளவும் கழட்டினப்பறம்தான் அம்மன் தரிசனம் மாதிரி அந்த மவுண்டு கண்ணுக்கு தெரியுது. கீழேர்ந்து கியர்பாக்ஸுக்கு ஜாக்கு குடுக்கணும், ஜாக்குக்கு மேல கண்டிப்பா பலகை வைக்கணும், இல்லன்னா அடியில இருக்கற ஆயில் தட்டு நசுங்கி நெசமாவே 3,500 வெள்ளி வேல வந்துடும். மாத்தி முடிக்கற வரைக்கும் கியர்பாக்ஸ் பாரம் ஜாக்கு மேலதான், அதனால யாரும் வண்டிக்கு அடியில போகக்கூடாது, வேலயெல்லாம் மேலேர்ந்துதான்.

போல்ட்டுல மூணு சாதுவா வந்துடுச்சு. நாலாவது இருக்கே, அத வச்சவன் நல்லாவே இருக்கமாட்டான். பிராக்கெட்டுக்கு பின்னாடி, ஃபயர்வால் (இன்ஜினுக்கும் உள்ள உக்கார்ற எடத்துக்கும் நடுவுல இருக்கற தடுப்பு) பக்கம் மூஞ்சிய திருப்பிக்கிட்டு. கை போனா கண்ணு போகாது, கண்ணு போனா கை போகாது. எக்ஸ்டென்ஷன் போட்டா வயரிங்ல இடிக்குது, போடலன்னா ராட்செட்டு ஒரு பல்லு நகர்றதுக்கே எடமில்ல, டிக், எடு, மறுபடி மாட்டு, டிக், எடு. அத்தான் பக்கத்துல நின்னுகிட்டு தே ஓ (பால் இல்லாத டீ) குடிச்சுக்கிட்டு "இடது பக்கம் திருப்புடா"ங்கறாரு, எனக்கு தெரியாதா அத்தான்! புறங்கைத் தோலு ரெண்டு எடத்துல போச்சு. சாயங்காலம் மழை வேற, போர்ச்சுல சாரல்.

வெளிய வந்த பழச பாத்தீங்கன்னா உங்களுக்கும் கோவம் வரும். நடுவுல இருக்கற இரும்பு கீழ இறங்கி வெளிவளையத்து மேல உக்காந்துக்கிட்டு இருக்கு. மேல் பக்கம் ரப்பர் இரும்ப விட்டு பிரிஞ்சு, விரிசலுக்குள்ள என் கட்டவிரல் நகம் முழுசா போகுது. ஒரு ஓரம் ஆயில்ல ஊறி சூயிங்கம் கணக்கா நெகிழ்ந்து போயிருக்கு. இத ஒரு வொர்க்ஷாப்காரரும் பாக்கல! டார்ச்ச அடிச்சு ஒரு தடவ குனிஞ்சிருந்தா தெரிஞ்சிருக்கும்!

புதுச மாட்டறப்ப ஓட்டை நேருக்கு நேர் வராது, இன்ஜின் ஒரு பக்கம் சாஞ்சிருக்கும், ஜாக்க ஒரு துளி ஏத்தி ஒரு துளி எறக்கி, அத்தான விட்டு இன்ஜின லேசா தள்ள சொல்லி, எல்லா போல்ட்டையும் மொதல்ல கையாலயே பிடிக்க விட்டுடணும். பாரத்த எறக்கி ரப்பர் அதுவா உக்காந்ததுக்கப்பறம்தான் டார்க் ரென்ச்ச வச்சு மேனுவல்ல போட்டிருக்கற அளவுக்கு முறுக்கணும். முன்னாடியே முறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும், சீக்கிரம் கிழியும்.

ஸ்டார்ட் பண்ணோம். பேட்டரி எடுத்ததால கொஞ்ச நேரம் இன்ஜின் வேகம் அதுவா ஏறி எறங்கிச்சு, அப்பறம் அந்த ஆட்டம் நின்னுடுச்சு. டி. சத்தமில்ல. ஆர். சத்தமில்ல. பிள்ளையாரு கம்முனு உக்காந்திருக்காரு. ரேடியோல சேத்து வச்சிருந்த ஸ்டேஷனெல்லாம் அழிஞ்சு போயி ஒலி 96.8ஐ மறுபடி தேடி வைக்க வேண்டியிருந்துச்சு, அவ்வளவுதான் சேதாரம்.

இப்ப வருவாங்க பாருங்க, "ஜேபில (பாலம் தாண்டி மலேசியால இருக்கற ஜோகூர் பாருல) பண்ணியிருந்தா இன்னும் சீப்பு"ன்னு. தெரியும் சாமி. முக்கால் டேங்கு பெட்ரோல் போட்டுக்கிட்டு, சனிக்கிழம காஸ்வே ஜாம்ல, மவுண்டு செத்த வண்டில, பிரேக்க விட்டு டொக், மிதிச்சு டொக்குனு மணிக்கணக்கா நீங்க உக்காருங்க, நான் வரல.

மேலேர்ந்து ஆயில் சொட்டினதுக்கு காரணத்தையும் பாத்துட்டேன், வால்வ் கவர் கேஸ்கெட்டு, அதாவது இன்ஜினோட மேல் மூடிக்கு அடியில இருக்கற சீலு, ஒழுகுது. போன வாரம் ஒருத்தர்கிட்ட போன்ல விலை கேட்டேன், வண்டி என்ன வருஷம்னு கேட்டாரு, சொன்னேன். இன்ஜின எறக்கணுமாம்.