ஆயிரம் வினா விடை வேண்டாம், ஒரு நாரை போதும்

காரைக்குடிப் பக்கம் எங்கே புத்தகக் கடை போட்டாலும் பெற்றோர் கூட்டம் முதலில் மொய்ப்பது பொது அறிவு வினா விடைப் புத்தகங்களைத்தான். ஒரே புத்தகத்தில் ஆயிரம் தகவல், காசுக்கு லாபம் என்று கணக்கு. எனக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. உலகின் மிகப் பெரிய பறவை எது? நெருப்புக்கோழி. அடுத்த கேள்வி. அது ஏன் பறப்பதில்லை என்று பிள்ளை கேட்டால் புத்தகத்திலும் பதில் இல்லை, வாங்கிக் கொடுத்தவரிடமும் இல்லை.

மூன்றாவதிலிருந்து எட்டாவது வரை படிக்கிற பிள்ளைகளுக்குத் தகவல் புத்தகம் வாங்கும்போது, நமக்குத் தெரிந்த விஷயம் வரும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுகிறார்கள் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். அச்சுக்குள் கண்ணாடி வைத்து, அதன்மேல் சாயக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுகிற கல் அது. அடுப்பே கிடையாது. கண்ணாடியில் பதிந்த முகம்தான் அந்தப் பளபளப்பு. இதைத் தப்பாக எழுதியவர் எரிமலையைப் பற்றி எழுதியதை மட்டும் எப்படி நம்புவது?

பறவைப் புத்தகம் என்றால் நான் தேடுவது நத்தைகுத்தி நாரையை. வாயை மூடினாலும் அலகின் நடுவே இடைவெளி தெரியும். 'நத்தை தின்னும்' என்று ஒரு வரியில் முடிக்கிற புத்தகம் வேண்டாம். நத்தையின் ஓட்டை நொறுக்காமலே கீழலகின் நுனியை உள்ளே விட்டுச் சதையை உருவி எடுக்கும், குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும் என்றெல்லாம் சொல்கிற புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். அப்படியானால் குஞ்சு எப்படித் தின்னும் என்று பிள்ளையே கேட்கும். அப்புறம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப் போகலாம், பக்கம்தானே. பறவைகள் மிரளக்கூடாது என்று அங்கே கொள்ளுகுடிப்பட்டி ஊர்க்காரர்கள் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை.

விண்வெளிப் புத்தகத்துக்குக் கோள்கள் எத்தனை என்று பார்த்தால் போதும். 2006-லேயே புளூட்டோவைக் குறுங்கோள் ஆக்கிவிட்டார்கள். இன்னும் ஒன்பது என்று அச்சடித்திருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள், அட்டை எவ்வளவு மினுமினுத்தாலும் சரி.

ஆறாவது தாண்டிய பிள்ளை என்றால் கடைசியில் பொருளகராதி, அதாவது எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் பட்டியல், இருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழில் பல பதிப்பகங்கள் இதைப் போடுவதே இல்லை, பெரிய குறை. வேண்டியதைத் தேடிப் பிடித்துப் படிக்கிற பழக்கம் அங்கேதான் தொடங்கும்.

தலைப்பை மட்டும் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். பாம்பு வேண்டும் என்றால் பாம்பு, லாரி என்றால் லாரி. அந்த லாரிப் புத்தகம் என்ஜினைத் திறந்து காட்டுகிறதா, வெறும் படமா என்று பார்ப்பதுதான் நம் வேலை.