‘உள்ளே வாங்க’ என்று கூப்பிடும் அண்ணன்களுக்கு

‘எத்தினி வருசம்தான் வெளியே நின்னு கோஷம் போட்டுகினு இருப்பீங்க? உள்ளே வாங்க, உள்ளேர்ந்து மாத்துங்க.’ தேர்தல் வாசனை அடித்தால் போதும், வேலூர்ப் பக்கம் செங்கொடி பிடிக்கிற பசங்களிடம் பெரிய கட்சி அண்ணன்கள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. அன்பாகத்தான் சொல்கிறார்கள், டீக்காசும் அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். ஆனாலும் என் பதில் வேண்டாம் என்பதுதான். கட்சி மாறினால் கொள்கைத் தீட்டு பட்டுவிடும் என்பதற்காக இல்லை.

அண்ணன்கள் பக்கம் இருக்கிற நல்ல வாதத்தை நானே எடுத்துக் கொடுக்கிறேன். 1934இல் ஜெயப்பிரகாஷ் நாராயணும் ஆச்சார்ய நரேந்திர தேவும் காங்கிரசுக்குள்ளேயே காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சியை ஆரம்பித்தார்கள். பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவர்களான நம்ம ஜீவாவும் பி.ராமமூர்த்தியும் அதில் இருந்தவர்கள். கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை இருந்த காலம். காங்கிரஸ் கொடிக்குக் கீழே நின்றுகொண்டேதான் தொழிற்சங்கம் கட்டினார்கள். அது வீண்போகவில்லை, மறுக்க மாட்டேன்.

ஆனால் அன்றைய காங்கிரஸ் எப்படி இருந்தது? நாலணா கொடுத்தால் உறுப்பினர். உள்கட்சித் தேர்தல் நிஜமாகவே நடக்கும். 1939 காங்கிரஸ் தலைவர் தேர்தலில் காந்தியின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமையாவை சுபாஷ் சந்திர போஸ் 1,580க்கு 1,377 என்று தோற்கடிக்க முடிந்தது. அப்புறம் என்ன ஆச்சு? மார்ச்சில் திரிபுரி மாநாட்டில் கோவிந்த வல்லப பந்த்தின் தீர்மானம் வந்தது. காந்தியின் விருப்பப்படிதான் செயற்குழு அமைக்கணும் என்றது. சோசலிஸ்டுகள் ‘நடுநிலை’ என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஏப்ரலில் போஸ் ராஜினாமா. 1948இல் கட்சிக்குள் கட்சி கூடாது என்று விதி வந்ததும் சோசலிஸ்டுகளும் மூட்டை கட்டினார்கள். ஓட்டுப் போட்டு ஜெயித்தவருக்கே அந்தக் கதி.

நம்ம ஊர்க் கதைக்கு வருகிறேன். 1952இல் வட ஆற்காட்டில் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி தனியாக நின்று 6 சட்டமன்றத் தொகுதிகளைப் பிடித்தது. சோசலிஸ்ட் கட்சி இல்லைதான், ஆனால் காங்கிரசுக்கு எதிராக நின்ற கட்சி. 1954இல் காமராஜர் அமைச்சரவையில் அவர் இருந்தார், கட்சி காங்கிரசில் கரைந்தது. தென்னாற்காட்டு உழைப்பாளர் கட்சிக்கும் கிட்டத்தட்ட இதே முடிவு. அதே 1954இல் காமராஜர் சட்டமன்றத்துக்குப் போனது குடியாத்தம் இடைத்தேர்தல் வழியாக. மறு வருசம் ஆவடி மாநாட்டில் காங்கிரசே ‘சோசலிச பாணிச் சமுதாயம்’ என்று தீர்மானம் போட்டுவிட்டது. கோஷத்தை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு நம்ம ஆட்கள் தேவைப்படவில்லை.

மோகன் குமாரமங்கலத்தை விட்டுவிட்டுப் பேசினால் நேர்மையாக இருக்காது. கம்யூனிஸ்டாக இருந்தவர், காங்கிரசுக்குப் போனார், இந்திரா காந்தி அமைச்சரவையில் நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமை ஆக்கியதில் அவர் பங்கு பெரியது. 1973இல் விமான விபத்தில் போய்விட்டார். 1975இல் நெருக்கடி நிலை வந்தபோது அதே கட்சிக்குள்ளிருந்து அதைத் தடுக்க சோசலிஸ்டுகள் யாராலும் முடியவில்லை. சட்டம் கிடைத்தது, கட்சி மாறவில்லை.

இப்போ பீடிக்கு வருவோம். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் வாசல்படியில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுவதைப் பார்க்காதவர்கள் நம்ம மாவட்டத்தில் இருக்க முடியாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சாயந்திரம் ஏஜெண்ட் கட்டைக் கையில் உருட்டிப் பார்த்து, நுனி மடிப்பு சரியில்லை என்று ஒரு பிடியை ஒதுக்குகிறார். ஒதுக்கினதுக்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்பி வராது. வீட்டில் சுற்றுகிறவர்களும் தொழிலாளர்கள்தான் என்று 1966இலேயே சட்டம் சொல்லிவிட்டது. சட்டம் அந்த வாசல்படி வரைக்கும் நடந்து வராது. ‘அந்தப் பிடியைக் கீழே வைய்யா’ என்று சொல்ல ஒரு சங்கத்துக்காரர் வேண்டும்.

அந்த ஏஜெண்டும் அண்ணன் கட்சிதான். தோல் பதனிடும் ஷாப் முதலாளியும் அதே கட்சி, அங்கே ஊறல் தொட்டியில் இறங்குகிறவனும் அதே கட்சி. உறுப்பினர் அட்டை வாங்கின மறுநாள் எனக்கு வரும் போன் என்னவென்று இப்போதே தெரியும்: ‘தம்பி, நம்ம ஆளுதான், பேசி முடிச்சிக்கலாம்.’

நம்ம தரப்பும் ரொம்ப நெஞ்சு நிமிர்த்த வேண்டாம். குடியாத்தத்தில் 2006இல் மார்க்சிஸ்ட் கட்சி ஜெயித்தது திமுக கூட்டணியில், 2011இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஜெயித்தது அதிமுக கூட்டணியில். 2019 மக்களவைத் தேர்தலுக்கு ரெண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் சேர்த்து 25 கோடி கொடுத்ததாகத் திமுகவே தேர்தல் ஆணையத்தில் கணக்குக் காட்டியது. வங்கி வழியாக வந்த பணம், ஒளிவுமறைவு இல்லை என்பதெல்லாம் சரி. வாங்கின கை கொஞ்சம் தயங்கத்தான் செய்யும்.

அப்படியும் கூட்டணிக்கும் உறுப்பினர் அட்டைக்கும் வித்தியாசம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் திமுக அரசு கொண்டுவந்தபோது கூட்டணியில் இருந்த இடதுசாரிகளும் விசிகவும் வெளிநடப்பு செய்தார்கள், சங்கங்கள் போராட்டம் அறிவித்தன. மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் ஸ்டாலினே அறிவித்தார். அவையில் இருந்த ஆளுங்கட்சிக்காரர்கள் ஆதரித்துத்தான் அது நிறைவேறியிருந்தது. 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஒரு மாசத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடத்தியதும், கூட்டணியில் இருந்த மார்க்சிஸ்ட் கட்சியின் தொழிற்சங்கமான சிஐடியுதான். திமுக உறுப்பினராக இருந்துகொண்டு அந்தப் பந்தலில் உட்கார முடியுமா?

வேட்பாளர் ஆகலாமே என்பார்கள். 2019இல் கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டு மக்களவைத் தேர்தலே ரத்தான ஊர் இது. இந்த ஊரில் நம்ம மாதிரி ஆளுக்குச் சீட்டா? உள்ளே போனவர்கள் பேச்சாளர் ஆகிறார்கள், தலைவர் பிறந்தநாள் மலருக்குக் கட்டுரை எழுதுகிறார்கள். நல்லாவே எழுதுகிறார்கள், அது வேறு.

பீடிக் கூலிப் பேச்சுக்கு எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் பக்கத்தில் உட்காருவேன், ஓட்டும் கேட்பேன். அட்டை மட்டும் வேண்டாம். கூப்பிடுகிற அண்ணன்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன்: உங்கள் ஒன்றியச் செயலாளரை ஓட்டுப்பெட்டி வைத்து, எதிர்த்து ஆள் நின்று தேர்ந்தெடுத்தது கடைசியாக எப்போ? தேதி ஞாபகம் இருந்தால் கீழே போடுங்கள்.