ஊதிக் காட்டச் சொன்னவர்களுக்கு

அந்த வீடியோவை நேற்றிலிருந்து ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள். ஆறு பேர் சிரிப்பு பொம்மையோடு. ஏழாமவர், 'மாஷா அல்லாஹ், சரியான பாடம்' என்று எழுதியிருந்தார். பள்ளிவாசல் படியில் ஒரு மனிதரை நிறுத்தி, குடித்திருக்கிறாரா என்று பார்க்க வாயை ஊதச் சொல்லி, அதைப் படம் பிடித்து உலகத்துக்கே அனுப்புவது பாடமாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் 'குடிக்கு வக்காலத்து வாங்குகிறான்' என்று கிளம்பிவிடுவீர்கள். மது ஹராம், மார்க்கத்தில் தடுக்கப்பட்டது. நிறையக் குடித்தால் போதை தருவது எதுவோ, அதில் கொஞ்சமும் ஹராம். திராட்சையோ, தேனோ, பார்லியோ, அறிவை மறைப்பதெல்லாம் மதுதான் என்று நபித்தோழர் உமர் (ரலி) மிம்பரில், அதாவது பள்ளியின் உரை மேடையில், நின்றே சொல்லிவிட்டார்கள். சரி. குடி ஹராம். குடிகாரனை அவமானப்படுத்துவது எப்போது ஹலால், அனுமதிக்கப்பட்டது, ஆனது?

'போதையில் தொழுகையை நெருங்காதீர்கள் என்று குர்ஆனே சொல்கிறதே' என்கிறார் ஒரு தம்பி. சொல்கிறது, 4-வது அத்தியாயம் 43-வது வசனத்தில். நீங்கள் சொல்வது உங்களுக்கே விளங்கும் வரை என்றும் அதே வசனத்தில் இருக்கிறது. 'தெளிந்ததும் வாங்க' என்று தோளில் கைபோட்டு அனுப்பியிருக்கலாம். போனை நீட்டச் சொல்லி எந்த வசனத்தில் இருக்கிறது?

அந்த வசனம் இறங்கியபோது குடி முழுதாகத் தடுக்கப்படவே இல்லை. 2:219-ல் பயனை விடப் பாவம் பெரிது என்று வந்தது, அப்புறம் இது, அதற்கும் பிறகுதான் முழுத் தடை, 5:90. எடுத்த எடுப்பில் 'குடிக்காதீர்கள்' என்றிருந்தால் 'ஒருநாளும் விடமாட்டோம்' என்றிருப்பார்கள் என்று நபியின் மனைவி ஆயிஷா (ரலி) சொன்னது புகாரி ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் இருக்கிறது. கடைசியில் தடை வந்த அன்று, நபித்தோழர் அபூ தல்ஹா வீட்டில் மது ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த இளைஞர் அனஸே (ரலி) அதைக் கொண்டுபோய்க் கொட்டினார். மதீனா தெருக்களில் மது ஓடியது. அல்லாஹ் அவ்வளவு அவகாசம் கொடுத்தான். நம் ஆட்களுக்கு ஒரு ஜும்ஆ, ஒரு வெள்ளிக்கிழமைத் தொழுகை, பொறுக்க முடியவில்லை.

'குடித்தவரை நபியே அடிக்கச் சொன்னார்களே?' ஆமாம், செருப்பாலும் துணியாலும் அடித்தார்கள். அடிபட்டவரைப் பார்த்து ஒருவர் 'அல்லாஹ் உன்னைக் கேவலப்படுத்தட்டும்' என்றதும், 'இவருக்கெதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள்' என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். அந்தப் பாதி மட்டும் உங்கள் பயானில், மார்க்க உரையில், வருவதே இல்லை. திரும்பத் திரும்பக் குடித்துப் பிடிபட்ட இன்னொருவரை 'சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறார்' என்றார்கள். ஒரு குடிகாரரைப் பற்றி!

மது விஷயத்தில் நபி (ஸல்) அவர்கள் சபித்த பத்து வகையினரில் விற்பவனும், சுமப்பவனும், அந்தக் காசைத் தின்பவனும் உண்டு. அவர்களை யாராவது ஊதச் சொன்னீர்களா? அவர்கள் தந்தால் அது நன்கொடை. போதைக்கு மாத்திரை விழுங்குகிறவர் முதல் வரிசையிலேயே நிற்கலாம், மாத்திரை மணக்காது.

'குடித்தவனின் தொழுகை நாற்பது நாள் ஏற்கப்படாது' என்ற ஹதீஸைக் காட்டுபவர்களுக்கு மட்டும் என்னால் நிதானமாகப் பதில் சொல்ல முடியாது.

என் அத்தா குடிப்பார். விடுவார், மறுபடி தொடங்குவார். ஒருமுறை மூன்று மாதம் தொடாமல் இருந்தார். அந்த வெள்ளிக்கிழமை அம்மா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தார்கள். தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி உளூ செய்த ஈரம் காயாமல் படியேறியவரை ஒருவர் மறித்து 'ஊது' என்றார். அத்தா ஊதினார். ஒரு வாசனையும் இல்லை. 'இருந்தாலும் நாற்பது நாள் கணக்கு இருக்கே' என்றாராம் அந்த ஆள், சிரித்துக்கொண்டே. மூன்று மாதத்தில் எத்தனை நாற்பது என்று எண்ணத் தெரியாத ஆள். தவ்பா செய்தால், மனம் வருந்தி மன்னிப்புக் கேட்டால், அல்லாஹ் ஏற்றுக்கொள்வான் என்று அதே ஹதீஸில் அடுத்தாற்போல் வருவதும் தெரியாத ஆள்.

அத்தா உள்ளே வரவில்லை. செருப்பைக் கையில் பிடித்தபடி சுவரோரமாக நின்றார். எனக்கு அப்போது 13 வயது. நண்பர்களோடு வந்தேன். என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு நான் உள்ளே போய்விட்டேன்.