கழுத்துத் தழும்புக்கு எத்தனை மதிப்பெண்?
தழும்பு பெரிதானால் மன பாதிப்பும் பெரிதாகும் என்று தழும்புகளைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியவில்லை. தழும்பு எவ்வளவு மோசம் என்று மருத்துவர்கள் மதிப்பெண் போட 1990-இல் வந்த வான்கூவர் அளவுகோல் நிறம், சிவப்பு, விறைப்பு, உயரம் இவற்றைத்தான் பார்க்கிறது. தழும்பு உள்ளவரிடம் ஒரு கேள்விகூடக் கிடையாது. எண்ணெய் தெறித்து என் அக்காவின் கழுத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தழும்பு. அந்த அளவுகோலில் மதிப்பெண் கொஞ்சம்தான் வரும். ஆனால் சித்திரை வெயிலிலும் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போவாள், கல்யாணத்தில் போட்டோவுக்குக் கூப்பிட்டால் பந்திப் பக்கம் நழுவிவிடுவாள். சரி, கேள்வித்தாள் கொடுத்தால்? தோல் நோய் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று நோயாளியிடமே கேட்கும் டிஎல்க்யூஐ கேள்வித்தாளின் 10 கேள்விகளும் கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை. அந்த வாரம் எங்குமே போகாதவள் 'பொருந்தாது' என்று குறிப்பாள், அதற்குப் பூஜ்யம், அதாவது பாதிப்பே இல்லை என்று கணக்கு. எதையெல்லாம் விட்டுவிட்டாய் என்றல்லவா அவளிடம் முதலில் கேட்க வேண்டும்?